என் பக்கத்துப் பிரேக்

தம்பிக்கு,

நீ அனுப்பிய தாளை நாலு முறை படித்துவிட்டேன். பந்தயத் தடத்தில் முதன்முதலாகக் கார் ஓட்ட வருகிறவர்கள் தங்களையும் வண்டியையும் எப்படித் தயார்செய்துகொண்டு வர வேண்டும் என்று அவர்கள் கொடுத்திருக்கிற அந்த இரண்டு பக்கத் தாள். "இதப் படிம்மா, படிச்சுட்டு அப்பறம் வையி" என்று போட்டிருந்தாய். படித்தேன். வையத் தோன்றவில்லை. நீ முதலில் இந்தப் பேச்சை எடுத்தபோது, "ரோட்டுல ஓட்டுறது பத்தாதுன்னு வட்டமா வேற சுத்தணுமாக்கும்" என்று போனை வைத்த உன் அம்மா நான்தான். திண்டுக்கல்லில் பதினாறு வருடமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு வேகம் என்பது கெட்ட வார்த்தை. இப்போது மனம் மாறிவிட்டேன். நீ போகத்தான் வேண்டும். ஆனால் ஒழுங்காகத் தயாராகிப் போக வேண்டும். அதில் உன் பங்கு பாதிதான். மீதிப் பாதி நான் செய்ய வேண்டியது. பதினெட்டு வருடமாகச் செய்யாமல் விட்டிருக்கிறேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாடம் நடத்துகிற குரல் வந்துவிடும், நீயும் "சரிங்க டீச்சர்" என்று சிரித்தே நழுவிவிடுவாய். அதனால் மதிய வகுப்புக்கு வர வேண்டிய பெண் வராத இந்த நேரத்தில், டிரைவிங் ஸ்கூல் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பேசிவிடலாம். தாளில் இருப்பதில் முக்கால்வாசி எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அவர்கள் காரணத்தோடு சொல்லியிருக்கிறார்கள். பிரேக் ஆயிலை மாற்றாமல் போகாதே. பழைய ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். சுற்றுக்குச் சுற்று பிரேக் பிடித்துச் சூடேறும்போது அது கொதித்துவிட்டால் பெடல் பொதபொதவென்று உள்ளே போய்விடும். பிரேக் பேடில் பாதிக்கும் கீழே தேய்ந்திருந்தால் புதிது போடு. டயரில் காற்றை வண்டி ஆறியிருக்கும்போது பார், ஒவ்வொரு முறை ஓடி முடித்து வந்த பிறகும் பார், சூட்டில் ஏறியிருப்பதை இறக்கு. வீல் நட்டுகளை அளவு காட்டுகிற ஸ்பேனர் வைத்து முடுக்கச் சொல். பேட்டரி ஆடாமல் இருக்கிறதா, இஞ்சின் ஆயில் அளவு சரியா, கூலன்ட் நிறைந்திருக்கிறதா என்று நீயே குனிந்து பார். யாரோ பார்த்தார்கள் என்று விடாதே. உன் அப்பா பழனிக்குக் கிளம்பினால்கூடப் பானட்டைத் திறக்காத மனிதர், நீ அவர் பிள்ளை, அதனால்தான் இம்புட்டு அழுத்திச் சொல்கிறேன். பழைய காராக இருப்பது தப்பில்லை. அதில் எது எப்படி இருக்கிறது என்று தெரியாமல் ஓட்டுவதுதான் தப்பு.

ஆனால் அந்தத் தாளில் இரண்டு இடத்தில் மேலே போக முடியாமல் நின்றுவிட்டேன். ஒன்று, காருக்குள் ஒட்டாமல், கட்டாமல் இருக்கிற எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்பது. மேட், ஜாக்கி, ஸ்டெப்னி, தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டில் இருக்கிற பொருட்கள், ஒன்று விடாமல். இன்னொன்று, வளைவுக்கு முன்னால் நேர்க்கோட்டில் இருக்கும்போதே பிரேக்கை ஒரே முறையாக, தயங்காமல், அழுத்தி மிதிக்க வேண்டும் என்பது. விட்டு விட்டு மிதித்தால் பின்னால் வருகிறவன் குழம்புவான், உன் வண்டியும் வளைவுக்குள் நிலைகொள்ளாது என்று எழுதியிருக்கிறார்கள். படித்ததும் எனக்கு உன் வலது கால்தான் ஞாபகத்துக்கு வந்தது.

போன மாதம் நீ புதிதாக வாங்கிய அந்தப் பழைய காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தாய், அப்பாவை விட்டுவிட்டு நாம் இருவரும் சிறுமலைக்குப் போனோமே, அன்றைக்கு இறக்கத்தில் உன் காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தொழில் அப்படி, பக்கத்தில் உட்கார்ந்தால் கண் அங்கேதான் போகும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் பெடலை மூன்று முறை லேசாகத் தட்டினாய். அதற்குப் பிறகுதான் மிதித்தாய். பதினெட்டு வளைவிலும் அப்படித்தான். கீழே வந்து டீக்கடையில் நிறுத்தியதும் கேட்டேன்.

"அது என்ன, வளைவுக்கு வளைவு தட்டுற?"

"சும்மா ஒரு பழக்கம்மா. பெடல் இருக்கான்னு பாத்துக்கிறது."

"இல்லாம எங்க போயிரும்?"

"அன்னைக்குப் போச்சுல்ல" என்றாய், டீயை ஊதிக்கொண்டே, மிகச் சாதாரணமாக. கன்னத்துக்குக் கீழே அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டாய். அது உனக்கே தெரிந்திருக்காது.

அன்றைக்குப் பிரேக் போகவில்லை, தம்பி. அந்த வேனின் பிரேக் நல்ல பிரேக். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு எட்டு வயது. நான் ஸ்கூல் வேன் ஓட்ட இறங்கிய புதிது. நம் சொந்தத்தில் அதுவரை ஒரு பெண்ணும் ஸ்டீரிங்கைத் தொட்டதில்லை. உன் அப்பா மில்லில் ஷிஃப்டு மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தார், நான் அடம்பிடித்து ஒரு பழைய வேனை வாங்க வைத்தேன். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது. பிரேக் வேலை முழுக்கச் சவரிமுத்து அண்ணனிடம் கொடுத்துப் புதிதாகச் செய்து வாங்கியிருந்தேன். அவரை அப்போது ஊரில் பிரேக் சவரிமுத்து என்றுதான் சொல்வார்கள். ஸ்கூல் வேன் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் வருடாந்திர எஃப்.சி. சோதனைக்குக் காட்டும் முன்னால் அவர் பட்டறை வாசலில்தான் வரிசையில் நிற்பார்கள். வேனுக்குப் பூசை போட்டோம். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அஞ்சாவது ஒன்றைப் பூசாரி கையில் கொடுத்தார். நான் அதை டேஷ்போர்டில் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன். எல்லாரும் வைக்கிறதுதான். திண்டுக்கல்லில் நூறு வண்டியை நிறுத்திப் பார்த்தால் பாதியிலாவது ஒரு பழம் உட்கார்ந்திருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மேடு பள்ளத்தில் வண்டி எப்படி என்று பார்க்க உன்னை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு சிறுமலைக்குப் போனேன். பெல்ட் போடவில்லை. அன்றைக்கு யார் போட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், நான் போட்டுவிடவில்லை. ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது ஆறாவதோ ஏழாவதோ வளைவில் பழம் உருண்டு என் காலடியில் விழுந்தது. விழுந்ததைப் பார்த்தேன். நிறுத்தி எடுத்திருக்க வேண்டும். அந்த வளைவு போகட்டும், அடுத்த வளைவு போகட்டும் என்று வந்தேன், பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அடுத்த வளைவில் மிதித்தபோது பெடல் பாதியிலேயே நின்றது. பழம் அதற்கு அடியில் மாட்டியிருந்தது. பதறி இன்னும் மிதித்தேன், பழம் பிதுங்கிச் சாறு செருப்பில் வழுக்கியது, கால் பெடலை விட்டே நழுவியது. வேனை மலைப்பக்கமாக ஒடித்து மண்மேட்டில் முட்டினேன். உன் தாடை டேஷ்போர்டில் அடித்தது. நீ அழக்கூட இல்லை, என்னையே பார்த்தாய், சட்டையெல்லாம் ரத்தம். வேனுக்குள் எலுமிச்சம்பழ வாசம் நிறைந்திருந்தது. இன்றைக்கும் ரசத்துக்கு எலுமிச்சை பிழியும்போது சில நாள் கை நின்றுவிடும். அப்பா கேட்டால் கொட்டை விழுந்துவிட்டது என்பேன்.

பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி ஓடி வருவதற்குள் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? உன்னைத் தூக்கவில்லை. குனிந்து அந்த நசுங்கிய பழத்தை எடுத்துப் புதருக்குள் எறிந்தேன். அதற்குப் பிறகுதான் உன்னைத் தூக்கினேன். அந்த ரெண்டு நொடிக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. அதை நினைத்து வெட்கப்படாத நாள் இல்லை.

கண்டக்டர் வந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"பிரேக்கு புடிக்கலண்ணே."

கூட்டத்தில் ஒருவர், "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்புடித்தேன்" என்றார். உடனே இன்னொருவர், "அந்தப் பிள்ள என்னய்யா செய்யும், பிரேக்கு போயிருச்சாம்ல" என்றார். அந்த இரண்டாவது குரலைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பழம் என்று சொல்லியிருந்தால் வண்டி ஓட்டத் தெரியாதவள் என்பார்கள், அம்மனே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று உன் அப்பத்தா வீட்டில் முடித்திருப்பார்கள். மறுநாளே சாவியை வாங்கிப் பூட்டியிருப்பார்கள். எனக்கு ஓட்ட வேண்டும். அவ்வளவு ஆசை. அந்த ஆசைக்காகப் பொய் சொன்னேன், பொய்யை இன்னொருவர் தலையில் இறக்கி வைத்தேன்.

சவரிமுத்து அண்ணன் வந்து நாலு சக்கரத்தையும் உன் அப்பா முன்னாலேயே கழற்றிப் பார்த்தார். "பிரேக்குல ஒன்னும் இல்ல தங்கச்சி. நல்லா ஓசன பண்ணிச் சொல்லு" என்றார். "மிதிச்சது நானு. எனக்குத் தெரியாதாண்ணே?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஸ்பேனர்களை எடுத்து வைத்துக்கொண்டு போனார். அந்த ஜூனிலேயே ஸ்கூல் வேன்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டன. பிரேக் சவரிமுத்து என்ற பேர் அப்படியே இருந்தது, ஆனால் சொல்கிறவர்கள் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். அவர் பெரிய பட்டறையை விட்டுவிட்டு வத்தலகுண்டு ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைக்கு மாறினார், டிராக்டர் டிரெய்லரும் டூவீலரும் பார்த்துப் பிழைத்தார். நான் அந்த ரோட்டில் பழகுகிறவர்களைக் கூட்டிப்போகாமல் பதினாறு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியிருக்கிறேன்.

உனக்குச் செய்தது இன்னும் ஒன்று இருக்கிறது. நம் டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்கமும் ஒரு பிரேக் உண்டு, சொல்லிக்கொடுக்கிறவர் காலுக்கு. பதினெட்டு வயதில் உனக்கு அதில்தான் பழக்கினேன். வேறு யார் ஓட்டினாலும் கடைசி நொடி வரை காத்திருந்துதான் மிதிப்பேன். நீ ஓட்டும்போது மட்டும் என்னால் முடிந்ததில்லை. சிக்னல் வந்தாலும், மாடு குறுக்கே வந்தாலும், நீ மிதிக்கும் முன்னாலேயே நான் மிதித்துவிடுவேன். வண்டி நிற்கும். "நல்லாப் புடிச்ச, அப்பு" என்று முதுகில் தட்டுவேன். நீயும் நீதான் நிறுத்தினாய் என்று சந்தோஷப்படுவாய். உன் தழும்பைப் பார்த்துப் பார்த்து என் கால் செய்த வேலை அது. ஆக, பிரேக் பிடிக்காது என்று எட்டு வயதில் உனக்கு ஒரு பயத்தைக் கொடுத்தேன், பிரேக் பிடித்தால் எப்படி இருக்கும் என்று உன் கால் தானாகக் கண்டுபிடிக்கவும் விடவில்லை. ஊரில் அம்புட்டுப் பெண்களுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தவள், பெற்ற பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை முதலில் அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "எனக்குமா இம்புட்டு நாளா சொல்லல?" என்றார். அதற்கு மேல் ரெண்டு நாள் பேசவில்லை. பட வேண்டியதுதான் என்று பட்டுக்கொண்டேன். புதன்கிழமை வத்தலகுண்டு ரோட்டுக்குப் போனேன். அண்ணனுக்குத் தலையெல்லாம் வெள்ளை, கை மட்டும் அதே கிரீஸ் கறுப்பு. நீ தடத்தில் ஓட்டப் போவதிலிருந்து எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். கேட்டு முடிக்கிற வரை அவர் கையில் இருந்த நட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எலுமிச்சம்பழமா?" என்றார்.

"ஆமாண்ணே."

"நான் என்னென்னமோ நெனச்சேன் தங்கச்சி. ராத்திரியெல்லாம் மனசுக்குள்ள அந்த வேன கழட்டிக் கழட்டி மாட்டியிருக்கேன். எங்கயோ என் கைதான் தப்பிருச்சு போலன்னு." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குத் தேவலை. "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். "அதெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம். எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன ஆகப் போகுது? வேன் ஸ்டாண்டுல வந்து சொல்லு. அங்கதான என் பேரு கெட்டுச்சு."

போனேன். மறுநாள் சாயங்காலம், வேன் ஸ்டாண்டில் ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள், அண்ணனும் வந்து தள்ளி நின்றார். அதில் ரெண்டு பேர் என்னிடம் பழகிய பெண்களின் புருஷன்மார். சொன்னேன், ஒன்றையும் குறைக்கவில்லை, பழத்தைப் புதரில் எறிந்தது வரை. ஒருவன் சிரித்தான், "இம்புட்டு நாளா ஒரு பழமா!" என்று. பெரியவர் ஒருவர் மட்டும், "நீயெல்லாம் ஊருக்கு வண்டி சொல்லிக் குடுக்குறியாக்கும்" என்றார். சொல்லட்டும், அது எனக்கு வர வேண்டிய பேச்சு. ஸ்கூலுக்கு ஆள் குறைந்தாலும் குறையட்டும். இன்றைக்கு வராத இந்தப் பெண்கூட அதனால்தான் வரவில்லையோ என்னவோ. போகும்போது அண்ணன் என் பக்கம் திரும்பாமலேயே, "பையன் காரக் கொண்டாரச் சொல்லு. ரேஸ் ரோட்டுல ஓட்டப் போறான்னா பிரேக்க நான்தேன் பாக்கணும்" என்றார்.

அதனால் வருகிற சனிக்கிழமை காலையிலேயே வண்டியோடு வந்துவிடு. ஆயிலும் பேடும் அவர் கையால் மாற்றட்டும், நீ பக்கத்திலேயே நின்று பார். முடித்ததும் ஆளில்லாத நேரமாகப் பார்த்து எரியோடு ஊருக்குப் போகிற பக்கம் ஒரு நேரான ரோட்டில் நிறுத்திப் பழகு. பின்னால் யாருமில்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, தட்டாமல், ஒரே மிதியாக மிதி. நான் வர மாட்டேன், நான் பக்கத்தில் இருந்தால் நீ பாதிதான் மிதிப்பாய். பத்து முறை, இருபது முறை செய். அண்ணன் போட்ட பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று உன் கால் நம்புகிற வரை செய்.

அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தடத்துக்குப் போகிற அன்றைக்குத் தூக்கம் கெட்டுப்போய்ப் போகாதே, முந்தின நாளே தடம் இருக்கிற கோயம்புத்தூருக்குப் போய்ப் படு. காலையில் ரெண்டு இட்லி போதும், யாராவது திண்டுக்கல்காரன் என்று பிரியாணி கேட்டால் சாயங்காலம் வாங்கிக்கொடு. முழுக்கைப் பருத்திச் சட்டை, பேன்ட், அடி மெல்லிசான ஷூ. பெடல் காலுக்குத் தெரிய வேண்டும். ஹெல்மெட்டை ஒரு வாரம் முன்னாலேயே வீட்டில் போட்டுப் பழகு, பக்கத்து ரூம்காரன் சிரித்தால் சிரிக்கட்டும். கொடிகளின் நிறத்தை மனப்பாடம் செய், மஞ்சள் காட்டினால் வேகத்தைக் குறை, முந்தாதே, சிவப்பு காட்டினால் மெதுவாக ஓட்டித் தடத்தை விட்டு வெளியே வந்துவிடு. முதல் சுற்றுகள் வழியைப் பார்ப்பதற்கு மட்டும். உன்னைவிட வேகமாக வருகிறவனுக்கு மனதார வழிவிடு, பஸ் ஸ்டாண்டு முன்னால் ஷேர் ஆட்டோவுக்கு விடுகிற மாதிரி முறைத்துக்கொண்டு விடாதே. கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் ஆறவிட்டுக்கொண்டு வா, நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதே, கியரில் விட்டு நிறுத்து. மனம் சரியில்லை என்று தோன்றினால் பாதியிலேயே வெளியே வந்துவிடு. அதற்காக ஒருவரும் உன்னைக் குறைத்து நினைக்க மாட்டார்கள், நினைத்தால் அவர்களை என்னிடம் அனுப்பு.

அப்பா இப்போது பேசுகிறார். உன் காருக்கும் பழம் வைத்து நசுக்கியே ஆக வேண்டும் என்று நிற்கிறார். சரி என்றேன், சனிக்கிழமை வாசலில், சக்கரத்துக்கு அடியில் மட்டும். நேற்றே போய் வாங்கி வந்துவிட்டார். பையை என் முன்னால் கவிழ்த்து, "நாலுதான் இருக்கு. எண்ணிப் பாத்துக்க" என்றார். எண்ணிப் பார்த்தேன். நாலுதான் இருந்தது.

நாங்கள் ரெண்டு பேரும் அந்த ஞாயிற்றுக்கிழமை தடத்துக்கு வருகிறோம். கம்பிக்கு வெளியே, முதல் வளைவு தெரிகிற இடமாகப் பார்த்து நிற்பேன். நீ அந்த நேரான பாதையில் வேகமாக வரும்போது என் வலது கால் தன்னால் தரையை மிதிக்கும், அதை என்னால் நிறுத்த முடியாது. ஆனால் நான் நிற்கிற இடத்தில் பிரேக் கிடையாது. உன் காலடியில் மட்டும்தான் இருக்கிறது, நல்ல பிரேக், அன்றைக்கும் நல்ல பிரேக்தான். தட்டிப் பார்க்காதே, தம்பி. மிதி.

அம்மா